ஐந்து நிலைப் பதில்களுக்கு எந்தச் சோதனை?

கணக்கெடுப்புத் தரவுகளோடு வரும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "முற்றிலும் மறுக்கிறேன்" என்பதில் தொடங்கி "முற்றிலும் ஏற்கிறேன்" என்பதில் முடியும் ஐந்து நிலைப் பதில்களைச் சேகரித்திருக்கிறேன், இதற்குச் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை செய்யலாமா, பதில்களின் வரிசையை மட்டும் பயன்படுத்தும் மான்–விட்னி சோதனைதான் செய்ய வேண்டுமா என்பது அந்தக் கேள்வி. நெடுங்காலம் இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு அவர்களுடைய ஆய்வேடுகளைப் படிக்கும்போது, சோதனை முறைப்படி செய்யப்பட்டிருந்தும், அது விடையளித்த கேள்வியும் மாணவர் கேட்க நினைத்த கேள்வியும் வெவ்வேறாக இருந்ததைப் பல முறை கண்டேன். ஆகவே இப்போது சோதனையின் பெயரைச் சொல்வதற்கு முன் சிலவற்றைத் திருப்பிக் கேட்கிறேன். எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள், பதிலளித்தவர்கள் ஒரே ஆட்களா வெவ்வேறு ஆட்களா, வேறுபாடு எந்த வடிவில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விகள் அவை. தரவின் வகையை மட்டும் பார்த்துச் சோதனையைக் கைகாட்டும் அட்டவணைகள் இந்தக் கேள்விகளை மறைத்துவிடுகின்றன என்பது என் கருத்து.

அளவைகளைப் பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என்று நான்காகப் பிரித்தவர் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். 1946-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இன்றைய பாடநூல்களின் பிரிவினை வந்தது. வரிசை அளவையில் எது மேலே, எது கீழே என்பது தெரியும். எவ்வளவு மேலே என்பது தெரியாது. "மறுக்கிறேன்" என்பதற்கும் "நடுநிலை" என்பதற்கும் உள்ள தொலைவும், "ஏற்கிறேன்" என்பதற்கும் "முற்றிலும் ஏற்கிறேன்" என்பதற்கும் உள்ள தொலைவும் சமம் என்று பதிலளித்தவர் எவரும் நமக்கு உறுதி கூறவில்லை. 1, 2, 3, 4, 5 என்ற எண்கள் பதில்களின் மேல் நாம் எழுதிக்கொண்ட அடையாளங்கள். வரிசை மாறாத வரை வேறு எந்த ஐந்து எண்களையும் அவ்விடத்தில் எழுதலாம்.

இது வெறும் தத்துவச் சிக்கல் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறிய கணக்கைச் சொல்கிறேன். முதல் குழுவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஐவர் இரண்டாம் நிலையையும் ஐவர் நான்காம் நிலையையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டாம் குழுவின் பத்துப் பேரும் மூன்றாம் நிலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வழக்கமான எண்களை இட்டால் இரு குழுக்களின் சராசரியும் 3 தான். நிலைகளுக்கு 1, 2, 3, 5, 7 என்று எண்ணிட்டால் முதல் குழுவின் சராசரி 3.5, இரண்டாம் குழுவுடையது 3. மாறாக 1, 2, 4, 5, 6 என்று எண்ணிட்டால் முதல் குழுவுக்கு 3.5, இரண்டாம் குழுவுக்கு 4. மூன்று எண்ணிடல்களும் வரிசையை மதிக்கின்றன, ஆனால் ஒன்றில் இரு குழுக்களும் சமம், ஒன்றில் முதல் குழு மேல், மற்றொன்றில் இரண்டாம் குழு மேல். பதிலளித்தவர்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லவில்லை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், சராசரியைத் தொடவே கூடாது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் தம் முறையை வெளியிட்டபோது, ஒரே மனப்பாங்கைப் பல கூற்றுகளால் அளந்து, அவற்றின் மதிப்பெண்களைக் கூட்டி ஒரு மொத்த அளவை உருவாக்குவதையே முன்வைத்தார். இன்று லிக்கர்ட் அளவை என்ற பெயர் தனித்து நிற்கும் ஒற்றை வினாவுக்கும் வழங்கப்படுவதால் குழப்பம் நேர்கிறது. எட்டுக் கூற்றுகளின் கூட்டுத்தொகை 8 முதல் 40 வரை முப்பத்து மூன்று மதிப்புகளை எடுக்கும். கூற்றுகள் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதைக் காரணிப் பகுப்பாய்வால் சரிபார்த்து, எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பி எண்ணிட்டு, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்ற உள்ளிணக்கத்தையும் கணக்கிட்ட பிறகு, அந்தக் கூட்டுத்தொகைக்கு, குழுக்களின் பரவல் சமமில்லாதபோதும் பொருந்தும் வெல்ச் திருத்தத்தோடு டி சோதனை செய்வதில் பெரும்பாலும் தவறு காண முடியாது. ஒற்றை வினாவின் ஐந்து நிலைகளுக்கு அதே உரிமையைக் கொடுக்க நான் தயங்குகிறேன்.

புள்ளியியலாளர்களிடையே இந்தத் தயக்கம் ஒருமனதாக இல்லை. ஃபிரெடரிக் லார்ட் 1953-இல் கால்பந்து வீரர்களின் சட்டை எண்களை வைத்து எழுதிய கட்டுரையில், எண்களுக்குத் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாது என்று வாதிட்டார். கணக்கீட்டு விதிகள் எண்களின் பிறப்பைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஜெஃப் நார்மன் 2010-இல், சராசரி சார்ந்த சோதனைகள் இத்தகைய தரவுகளிலும் போதிய உறுதியோடு நிற்கின்றன என்று எழுதினார். அதற்கு எதிர்நிலையில் லிடெல், குரூஷ்கி ஆகிய இருவரும் 2018-இல், வரிசைத் தரவை இடைவெளித் தரவாகக் கருதினால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றலாம், இருக்கும் வேறுபாடு தவறிப்போகலாம், சில வேளைகளில் வேறுபாட்டின் திசையே தலைகீழாகலாம் என்று காட்டினார்கள். இரு தரப்பையும் படித்த பிறகு என் நிலைப்பாடு இதுதான். ஒரு குழுவின் பதில்கள் எல்லா நிலைகளிலும் மற்றதைவிட மேல்நோக்கி நகர்ந்திருந்தால் எந்தச் சோதனையும் ஏறத்தாழ ஒரே முடிவைத்தான் தரும். பதில்களின் பரவல் குழுவுக்குக் குழு வேறுபட்டாலோ, பெரும்பாலானோர் ஒரு முனையில் குவிந்திருந்தாலோதான் தேர்வு முடிவை மாற்றும். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் நிலைவாரியான எண்ணிக்கைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எளிமைக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு இதை விளக்குகிறேன். ஐம்பது பேர் கொண்ட முதல் குழுவில், கீழ் நிலையிலிருந்து மேல் நிலை வரை முறையே 12, 10, 20, 6, 2 பேர் இருக்கிறார்கள். ஐம்பது பேர் கொண்ட இரண்டாம் குழுவில் 2, 6, 20, 10, 12 பேர் இருக்கிறார்கள். இரு குழுக்களின் இடைநிலை அளவும், அதாவது பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பும், 3 தான். ஆனால் மான்–விட்னி சோதனை செய்தால், பலர் ஒரே பதிலைத் தருவதால் நேரும் சமத் தரங்களுக்கான திருத்தத்தோடு இசட் மதிப்பு 3.89 வருகிறது, அதற்கான பி மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய விலகல் தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு, சுமார் 0.0001. இடைநிலை அளவுகள் சமமாக இருக்க, இடைநிலை அளவுகளை ஒப்பிடும் சோதனை என்று பல வழிகாட்டிகள் அறிமுகப்படுத்தும் ஒன்று இவ்வளவு வலுவான வேறுபாட்டை எப்படிக் காட்டுகிறது? அந்த அறிமுகமே பிழையானது என்பதுதான் விடை. வில்காக்சன் 1945-இல் அமைத்து, மான், விட்னி இருவரும் 1947-இல் விரித்த இந்தச் சோதனை கேட்பது வேறொரு கேள்வி. இரண்டாம் குழுவிலிருந்து ஒருவரையும் முதல் குழுவிலிருந்து ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்தால், இரண்டாம் குழுவைச் சேர்ந்தவரின் பதில் மேலே இருப்பதற்கான நிகழ்தகவு பாதியிலிருந்து விலகுகிறதா என்பதே அது. சமமான பதில்களைப் பாதியாக எண்ணினால் இந்த எடுத்துக்காட்டில் அந்த நிகழ்தகவு 0.717. இரு பரவல்களும் ஒரே வடிவில் இருந்து, இடம் மட்டும் நகர்ந்திருந்தால்தான் இதை இடைநிலை அளவின் வேறுபாடு என்று படிக்க முடியும். ஐந்து நிலைகள் மட்டுமே உள்ள தரவில் அப்படி அமைவது அரிது.

அதே எண்ணிக்கைகளுக்கு, நிலைவாரியான எண்ணிக்கைகள் குழுவுக்குக் குழு வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் கார்ல் பியர்சனின் கை வர்க்கச் சோதனையைச் செய்தால் 16.29 என்ற மதிப்பு நான்கு கட்டின்மைக் கூறுகளோடு (அட்டவணையின் அளவைப் பொறுத்து அமையும் எண்) கிடைக்கிறது, பி மதிப்பு சுமார் 0.003. இங்கேயும் வேறுபாடு தெரிகிறது, ஆனால் சான்று வலுக் குறைந்து தெரிகிறது. காரணம் எளியது. நிலைகளின் வரிசையைக் கலைத்து, ஐந்தாம் நிலையை இரண்டாம் இடத்திலும் முதல் நிலையை நான்காம் இடத்திலும் எழுதினாலும் இந்த 16.29 மாறாது. வரிசை என்ற செய்தியை அது பயன்படுத்துவதே இல்லை. சராசரிகள் 2.52, 3.48 என்று வருவதால், டி சோதனையும் 4.32 என்ற மதிப்போடு அதே திசையைக் காட்டுகிறது. மூன்று சோதனைகளும் ஒத்துப்போகும் இத்தகைய தரவில், எது சரியான சோதனை என்று சண்டையிடுவதில் பொருளில்லை. வேறுபாட்டை எந்தச் சொற்களில் வாசகருக்குச் சொல்வது என்பது மட்டுமே எஞ்சும்.

சண்டைக்குரிய இடம் வேறு. நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவில் இருபது பேர் "முற்றிலும் மறுக்கிறேன்" என்றும் இருபது பேர் "முற்றிலும் ஏற்கிறேன்" என்றும் சொல்கிறார்கள், மற்றொரு குழுவின் நாற்பது பேரும் "நடுநிலை" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு இரண்டாகப் பிளந்து நிற்கிறது, மற்றது அசையாமல் நடுவில் நிற்கிறது. இவற்றைவிட வேறுபட்ட இரு குழுக்களைக் கற்பனை செய்வது கடினம். ஆயினும் டி சோதனை வேறுபாடு இல்லை என்கிறது, ஏனெனில் சராசரிகள் சமம். மான்–விட்னி சோதனையும் வேறுபாடு இல்லை என்கிறது, ஏனெனில் மேலே இருப்பதற்கான நிகழ்தகவு மிகச் சரியாகப் பாதி. வரிசையைப் பொருட்படுத்தாத கை வர்க்கச் சோதனைதான் இங்கே உண்மையைக் காட்டுகிறது. வரிசைத் தரவு என்றாலே தர அடிப்படையிலான சோதனை என்று மனப்பாடம் செய்தவர் இந்தப் பிளவைக் காணாமலே கடந்துவிடுவார். கருத்துகள் எதிரெதிர் முனைகளுக்குச் செல்கின்றனவா என்பதுதான் ஆய்வின் கேள்வி என்றால், எந்தத் திசையில் நகர்ந்தன என்று கேட்கும் சோதனை அதற்கு உதவாது.

அடுத்து, பதிலளித்தவர்கள் ஒரே ஆட்களா என்ற கேள்வி. இதில் என் சொந்தத் தவறு ஒன்று உண்டு. ஒரு பயிற்சித் திட்டத்தை மதிப்பிடுவதற்காக, பயிற்சிக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களிடம் அதே வினாக்களைக் கேட்டேன். அவர்கள் தயக்கமின்றி எழுத வேண்டும் என்பதற்காகப் பெயர் கேட்கவில்லை. அது சரியான முடிவுதான். ஆனால் பெயருக்குப் பதிலாக எந்த அடையாளக் குறியையும் கேட்காமல் விட்டுவிட்டேன். படிவங்கள் இரண்டு கட்டுகளாக வந்து சேர்ந்தபோது, முதல் கட்டில் உள்ள ஒரு படிவத்துக்கு இரண்டாம் கட்டில் எது இணை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அவற்றை வெவ்வேறு ஆட்களின் பதில்கள்போல மான்–விட்னி சோதனைக்கு உட்படுத்தினேன். ஒருவரின் முன், பின் பதில்கள் பொதுவாக ஒரே பக்கம் சாய்வதால், இந்த வழி வேறுபாட்டைக் கண்டறியும் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. யார் மாறினார்கள், எத்தனை பேர் மேலே சென்றார்கள், எத்தனை பேர் கீழே இறங்கினார்கள் என்ற மிக முக்கியமான செய்தியும் அத்தோடு போய்விட்டது. அறிக்கையில் அந்தக் குறையை வெளிப்படையாக எழுதினேன். அதன் பிறகு நான் அமைக்கும் வினாநிரல்களில், பதிலளிப்பவரே உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு குறியீட்டைக் கேட்பது முதல் வரியாகிவிட்டது.

இணைகள் கையில் இருந்தாலும் தேர்வு உடனே முடிந்துவிடுவதில்லை. இத்தகைய தரவுக்கு வில்காக்சன் குறித் தரச் சோதனையைத்தான் எல்லா வழிகாட்டிகளும் பரிந்துரைக்கின்றன. அந்தச் சோதனை முதலில் ஒவ்வொருவரின் இரண்டு பதில்களையும் கழிக்கிறது, பிறகு அந்த வேறுபாடுகளை அவற்றின் பருமனுக்கேற்ப வரிசைப்படுத்துகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்குச் சென்றவரும் நான்கிலிருந்து ஐந்துக்குச் சென்றவரும் சம அளவு மாறினார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிலைகளுக்கு இடையேயான தொலைவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதற்காகத்தானே டி சோதனையைக் கைவிட்டோம்? கைவிட்ட அதே அனுமானம் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. அனுமானங்களே இல்லாத சோதனை என்று இதைப் பற்றிக்கொண்டவர்களுக்கு இது கசப்பான செய்திதான். வரிசையை மட்டுமே நம்ப வேண்டும் என்றால் குறிச் சோதனை இருக்கிறது. அது மேலே சென்றவர்களையும் கீழே இறங்கியவர்களையும் எண்ணுவதோடு நின்றுகொள்கிறது. நாற்பது பேரில் பதினாறு பேர் மேலே சென்று, ஆறு பேர் இறங்கி, பதினெட்டுப் பேர் மாறாமல் இருந்தால், இருபக்கக் குறிச் சோதனையின் பி மதிப்பு 0.052. குறித் தரச் சோதனையில் இதைவிடச் சிறிய மதிப்பு வரக்கூடும், ஆனால் அந்த ஆற்றலுக்கு விலையாகத் தொலைவு பற்றிய அனுமானத்தைக் கொடுத்திருக்கிறோம். மாறாதவர்களை இரண்டு சோதனைகளும் வழக்கமாக ஒதுக்கிவிடுகின்றன. பதினெட்டுப் பேர் மாறவில்லை என்பது பயிற்சியைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு. ஆகையால் அந்த எண்ணிக்கையைச் சோதனைக்கு வெளியே தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் வரும்போது க்ரஸ்கல்–வாலிஸ் சோதனையும், அதே ஆட்களிடம் மூன்று முறையோ அதற்கு மேலோ கேட்டிருந்தால் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1937-இல் அமைத்த சோதனையும் பயன்படும். குழுக்களுக்கே ஒரு இயல்பான வரிசை இருக்கும்போது, அதாவது அனுபவம் குறைந்தோர், நடுத்தரமானோர், மிகுந்தோர் என்று அமையும்போது, க்ரஸ்கல்–வாலிஸ் அந்த வரிசையை வீணாக்கிவிடுகிறது. அங்கே யோன்கீர்–டெர்ப்ஸ்ட்ரா சோதனை பொருத்தமானது. முதற்சோதனைக்குப் பின் இரண்டிரண்டு குழுக்களாக ஒப்பிடும்போது அதற்கென உள்ள டன் முறையைக் கையாண்டு, பல ஒப்பீடுகளால் தவறான முடிவுகள் பெருகாமல் தடுக்கும் ஹோம் திருத்தத்தையும் சேர்ப்பது என் வழக்கம்.

இரண்டு வரிசை வினாக்களுக்கு இடையேயான உறவைப் பார்க்க ஸ்பியர்மன் தர ஒட்டுறவையே எல்லோரும் நாடுகிறார்கள். நிலைகள் ஐந்தே என்பதால் சமத் தரங்கள் மிகுதியாக வருகின்றன. அவற்றைக் கணக்கில் கொள்ளும் கெண்டாலின் டௌ-பி எனக்கு மேலாகப் படுகிறது. ஒரே பொருளை இருவர் மதிப்பிட்ட தரவில் அவர்கள் ஒத்துப்போகிறார்களா என்று அறிய ஒட்டுறவுக் கெழுவைப் பயன்படுத்துவது பிழை. ஒருவர் எப்போதும் மற்றவரைவிட ஒரு நிலை கூடுதலாகக் கொடுத்தாலும் ஒட்டுறவு முழுமையாகவே இருக்கும். அங்கே இருவரின் மதிப்பீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன, எத்தனை நிலை விலகுகின்றன என்று பார்க்கும் எடையிட்ட கப்பா அளவுதான் வேண்டும்.

வயது, கல்வி, பணி அனுபவம் போன்ற மற்றக் காரணிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தவுடன் இந்தச் சோதனைகள் எல்லாம் போதாமல் போகின்றன. அப்போது பலர் மனம் தளர்ந்து நிலைகளின் எண்களை இடைவெளி அளவையாகவே கொள்ளும் சாதாரண தொடர்புப் போக்கு ஆய்வுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பீட்டர் மக்கல்லா 1980-இல் முன்வைத்த விகிதச்சம வாய்ப்பு மாதிரியுரு அதற்காகவே இருக்கிறது. அது ஐந்து நிலைகளை நான்கு இடங்களில் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் கீழே இருப்பதற்கான வாய்ப்பை (கீழே இருப்போரின் எண்ணிக்கையை மேலே இருப்போரின் எண்ணிக்கையால் வகுத்தது) இரு குழுக்களுக்கும் ஒப்பிடுகிறது, அந்த வாய்ப்பு விகிதம் நான்கு வெட்டுகளிலும் ஒன்றே என்று கொள்கிறது. மேலே சொன்ன ஐம்பது பேர் எடுத்துக்காட்டில் இந்த விகிதங்களைக் கையாலேயே கணக்கிடலாம். முதல் வெட்டிலும் நான்காம் வெட்டிலும் 7.6, இடையில் உள்ள இரண்டிலும் 4.1. அனுமானம் சொன்னபடி அவை மிகச் சரியாகச் சமமாக இல்லை. ஆனால் நான்கும் ஒரே திசையைக் காட்டுவதால், ஒற்றை விகிதமாகச் சுருக்குவதை நான் ஏற்றுக்கொள்வேன். ஒரு வெட்டில் 3 என்றும் மற்றொன்றில் 0.5 என்றும் வந்தால் ஏற்க மாட்டேன். இந்த அனுமானத்தைச் சரிபார்க்கும் முறையான சோதனைகள் பெரிய மாதிரிகளில் மிகச் சிறிய விலகலுக்கும் எச்சரிக்கை எழுப்பும். அதனால் அவற்றைவிட வெட்டுவாரியான விகிதங்களை நேரில் பார்ப்பதையே விரும்புகிறேன். வேறு காரணிகள் இல்லாமல் இரண்டு குழுக்கள் மட்டும் இருந்தால், இந்த மாதிரியுருவின் ஸ்கோர் சோதனையும் மான்–விட்னி சோதனையும் உண்மையில் ஒன்றே. இதை அறிந்த பிறகு மாணவர்களுக்கு இந்த மாதிரியுருவின் மேல் உள்ள அச்சம் குறைவதைக் கண்டிருக்கிறேன்.

சோதனைக்கு வருவதற்கு முன்பே முடிவைக் கெடுத்துவிடும் இரண்டு பழக்கங்களையும் சொல்ல வேண்டும். "தெரியாது", "பொருந்தாது" என்ற பதில்களை நடுநிலையோடு சேர்த்து 3 என்று எண்ணிடுவது முதலாவது. நடுநிலை என்பது ஒரு கருத்து, தெரியாது என்பது கருத்து இன்மை. வரிசையில் அதற்கு இடமே கிடையாது. அதை விலக்கி, எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்பதைக் குழுவாரியாகக் காட்ட வேண்டும், ஏனெனில் அந்த எண்ணிக்கையே குழுக்களுக்கு இடையே வேறுபடலாம். தரவைப் பார்த்த பிறகு நிலைகளைச் சேர்த்து ஐந்தை மூன்றாகவோ இரண்டாகவோ சுருக்குவது இரண்டாவது. எந்த இடத்தில் வெட்டினால் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வருகிறது என்று தேடிப் பார்த்து வெட்டியவர், தாம் எத்தனை முறை தேடினார் என்பதை அறிக்கையில் எழுதுவதில்லை. சில கட்டங்களில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதுதான் காரணம் என்றால், நிலைகளைச் சேர்க்காமலேயே துல்லியச் சோதனையோ வரிசைமாற்றச் சோதனையோ செய்யலாம். இன்றைய மென்பொருள்களில் அதற்குக் கூடுதல் உழைப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

முடிவை எழுதும்போது பி மதிப்பை மட்டும் தருவதை நான் ஏற்பதில்லை. முதல் குழுவில் எட்டுப் பேரும் இரண்டாம் குழுவில் இருபத்திரண்டு பேரும் ஏற்பு நிலைகளில் இருந்தார்கள், இரண்டாம் குழுவைச் சேர்ந்தவரின் பதில் மேலே இருப்பதற்கான நிகழ்தகவு 0.72, அதன் நம்பிக்கை இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) இன்னது என்று எழுதினால், புள்ளியியல் பயிலாதவரும் பொருளை உணர்ந்துகொள்வார். கூடவே நிலைவாரியான எண்ணிக்கைகளை ஒரு சிறிய அட்டவணையாக இணைக்கும்படி ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு குழுக்கள், ஐந்து நிலைகள் என்றால் பத்து எண்கள் போதும். நான் தேர்ந்தெடுத்த சோதனையோடு உடன்படாத வாசகர், அந்தப் பத்து எண்களை எடுத்துக்கொண்டு தமக்குச் சரியென்று படும் சோதனையைத் தாமே செய்து பார்த்துக்கொள்ளலாம்.